பிரிட்ஜ் உண்டு, கடன் இல்லை

ஆகஸ்ட் 21, வியாழன்

காலையிலிருந்து தூறல். குடையில் ஒரு கம்பி போச்சு. டேப்லெட்டுக்கு பாலிதீன் கவர் வாங்கணும்.

போடியில் வார்டு கடைசித் தெரு. குடும்ப வரவு செலவு சர்வேக்குக் கொடுத்த வீடுகளில் பாதிக்கு மேல் பூட்டு. பூட்டாம என்ன செய்யும். ஏலக்காய் சீசன். விடியிறதுக்கு முன்னாடி ஜீப்பு ஏறி போடிமெட்டு தாண்டித் தோட்டத்துக்குப் போயிடுறாங்க, இறங்கி வர இருட்டிருது. நான் பத்து மணிக்கு அடையாள அட்டையை மாட்டிக்கிட்டு, "வீட்ல யாருங்க?"ன்னு வாசல்ல நிக்கிறேன். கோழி மட்டும் எட்டிப் பார்க்குது.

சூப்பர்வைசருக்குப் போன். "பூட்டியிருந்தா பக்கத்து வீட்டை எடுத்துக்கம்மா, ரூல்ல இருக்கு." பக்கத்து வீடு பென்ஷன் வாங்குற வாத்தியார். பேப்பர் படிச்சுக்கிட்டு, காப்பி குடிச்சுக்கிட்டு, எல்லாக் கேள்விக்கும் நிதானமா பதில். கூலிக்குப் போனவ வீட்டுக்குப் பதிலா பென்ஷன் வீடு. இப்படியே தெருத்தெருவா மாத்திக்கிட்டுப் போனா இந்த ஊர்ல ஏழைன்னு ஒருத்தர் சிக்க மாட்டார்.

சாப்பிடும்போது இவர் டிவியைப் பார்த்துட்டு, "வறுமை ரொம்பக் குறைஞ்சிருச்சாம்ல, நீ என்ன சொல்ற?"ன்னார். "பூட்டிக் கிடக்கு"ன்னேன். சிரிக்கிறார். எனக்குப் பத்திக்கிட்டு வருது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வெயில். கால் வலி.
வாங்கணும்: தைலம், பாலிதீன் கவர் (நேத்தும் மறந்தாச்சு), துவரம்பருப்பு.

பயணப்படி பில் இன்னும் பாஸாகலை. ஆபீஸ்ல கேட்டா கிளார்க்கு, "டீ செலவுக்கு ஏதாவது பாரும்மா"ங்கிறான். கடைசிக் கேள்வியே "அரசு அலுவலகத்தில் கட்டணத்துக்கு மேல் பணம் கொடுத்ததுண்டா?"ன்னு இருக்கிற சர்வே. அதைக் கேட்டுட்டு வர்ற பஸ்சு காசுக்கே டீ செலவு. வெளங்கும்.

அந்தக் கேள்விக்கு இதுவரை ஒரு வீட்டிலும் 'ஆம்' இல்லை. ஒருத்தர் எந்திரிச்சுக் கதவைச் சாத்திட்டு வந்து, "இல்லைன்னு போட்டுக்கங்க"ன்னார். கதவைச் சாத்துனதைப் போட எங்கே இடம்?

பூட்டுன வீட்டை மாத்த மாட்டேன். ஞாயிறு ஜீப்பு போகாது. அன்னைக்குப் போறேன். சூ. (சூப்பர்வைசர்) கிட்ட சொல்லலை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வந்ததும் எழுதுறேன், இல்லைன்னா வயிறு எரிஞ்சே செத்துருவேன்.

பூட்டிக் கிடந்த பேச்சியம்மா வீடு. ஒரே அறை, தகரக் கூரை. உள்ளே ஏழெட்டுப் பேர், புதுப்பாய், கேசரி வாசம். மகள் கவிதாவைப் பொண்ணு பார்க்க ராசிங்காபுரத்திலிருந்து வந்திருக்காங்க. அப்புறம் வர்றேன்னு திரும்பினேன். மாப்பிள்ளையோட அப்பா, சின்னச்சாமின்னு பேர், வெள்ளை வேட்டி, என்னைப் போக விடலை. "கவர்மெண்ட் சோலி, நிக்கக் கூடாது தாயி. கேளுங்க, நாங்களும் தெரிஞ்சுக்கிறோம்."

அக்கம்பக்கம் எல்லாரும் உத்துப் பார்க்க, கேட்டேன். பேச்சியக்கா என்னைப் பார்க்காம மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்தே பதில் சொல்லுது.
நிலம்? "மலையில அரை ஏக்கர் ஏலத்தோட்டம்."
பிரிட்ஜ்? "இந்தா இருக்குல்ல." இருக்கு. பிளக் பாயின்டே இல்லாத மூலையில், ஒயரைச் சுத்தி ரப்பர் பேண்டு போட்டபடி.
கடன்? "யாருக்கும் ஒத்தப்பைசா கிடையாது."
லஞ்சம்? "நாங்க எதுக்குக் குடுக்குறோம்."

பேச்சியக்கா வீட்டுக்காரர் நாற்காலியை விட்டு அசையவே இல்லை. வணக்கத்துக்குக் கூட எந்திரிக்கலை. எனக்கு என்னமோ உறுத்துச்சு. ஆனா சொல்றதைத்தான் பதியணும், அதுதான் பயிற்சியில் சொன்னது. பதிஞ்சேன்.

வெளியே செருப்பு மாட்டும்போது சின்னச்சாமி பின்னாடியே வந்தார். "எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறிருச்சாம்மா?" "அவங்க சொன்னதை ஏத்திருக்கேன்ங்கய்யா." "அப்ப சரி. கவர்மெண்டே எழுதிக்கிட்டா பொய்யா இருக்காது." திருப்தியா உள்ளே போயிட்டார்.

கல்யாணத் தரகர் பேச்சை நம்பாத மனுசன் என் டேப்லெட்டை நம்புறார்.

ஆகஸ்ட் 25, திங்கள்

பருப்பு வேகலை, கேஸ் தீரப் போகுது.

விளக்கு வச்சப்புறம் பேச்சியக்கா வந்து நிக்குது. ஜீப்புல இருந்து நேரா. சேலையில ஏலக்காய் வாசம், விரலெல்லாம் கறை. உக்காரச் சொன்னா உக்காரலை.

"என்னாத்தா எழுதுன?"
"நீங்க சொன்னதைத்தானக்கா."
"அதை வச்சு மாப்பிள்ளை வீட்ல அஞ்சு பவுன் கூடக் கேக்குறாகத்தா. தோட்டம் இருக்கு, கடன் இல்ல, கவர்மெண்ட்லயே எழுதியாச்சுங்கிறாக. பேசுனதுக்கே நான் நாக்குத் தள்ளிக் கிடக்கேன்."

அப்புறம்தான் நெசம் வந்துச்சு. தோட்டம் முதலாளியோடது, அக்கா அதுல காய் பறிக்குது. சொந்தத் தோட்டம்ங்கிறது தரகர் அடிச்சு விட்டது. பிரிட்ஜ் பக்கத்து வாத்தியார் வீட்டுது, சாயங்காலமே திரும்பப் போச்சு. வீட்டுக்காரர் மலையில சறுக்கி விழுந்து இடுப்பு போச்சு, தூக்கித்தான் நாற்காலியில வச்சிருக்காங்க. அவருக்கு உதவித்தொகை சர்டிபிகேட் வாங்க, வாரக் கடன் எடுத்து ஆபீஸ்ல குடுத்திருக்கு.

"லஞ்சம் குடுக்கலைன்னீங்களே?"
"அது லஞ்சமாத்தா? செலவுல்ல. ஆபீஸ் செலவு."

சரி, செலவுலயே போடுவோம்னு யோசிச்சேன். போட்டா குடும்பச் செலவு கூடும். சர்வே கணக்குல, செலவு கூடுன குடும்பம் வசதியான குடும்பம். அதாவது கடன் வாங்கி லஞ்சம் குடுத்தா வறுமைக்கோட்டுக்கு மேல ஏறிரலாம். தூ, இது ஒரு கணக்கு.

மாத்திருவோம்க்கான்னேன். "ஐயோ, அது அவுகளுக்குத் தெரிஞ்சா சம்பந்தமே போயிரும். மாத்தாத." பின்ன என்னதான்க்கா செய்யட்டும்? "ஏதாச்சும் செய்யி"ங்குது. நான் என்ன மாரியாத்தாளா. வர்ற ஞாயிறு இவங்க மாப்பிள்ளை வீடு பார்க்கப் போறாங்களாம். அதுக்குள்ள அஞ்சு பவுனுக்குத் தலையாட்டணுமாம், இல்லைன்னா வேற இடம் பார்ப்பாங்களாம்.



ஆகஸ்ட் 26, செவ்வாய்

இன்னைக்கு ராசிங்காபுரம் லிஸ்ட். மூணாவது வீட்டுக் கதவைத் தட்டினா சின்னச்சாமி.

மாடி வீடு. வாசல்ல டிராக்டர், துடைச்சு சந்தனம் வச்சிருக்கு. தோட்டத்துல மோட்டார் ஓடுற சத்தம்.
நிலம்? "அண்ணன் பேர்ல."
டிராக்டர்? "மச்சினன் வண்டி, இங்கன நிறுத்திருக்கான்."
மோட்டார்? "கூட்டு."
வருமானம்? "எங்க தாயி, வாழை எல்லாம் காத்துல போச்சு. அன்றாடங்காய்ச்சி நான்."
லஞ்சம்? "நம்ம ஊர்லயா?"

எழுதிக்கிட்டே பார்த்தேன், மனுசன் கண்ணு இமைக்கலை. அவர் சம்சாரம் மாச உதவித்தொகை வாங்குறாங்களாம். வசதின்னு ஏறிட்டா நிறுத்திருவாங்கன்னு ஊருக்குள்ள பேச்சு. இது அதுக்கான சர்வே இல்லைய்யான்னு மூணு தடவை சொன்னேன். "அது சரி, எதுக்கும் இல்லைன்னே போடுங்க."

ஞாயித்துக்கிழமை ஒருத்தி இல்லாததை எல்லாம் இருக்குன்னா. செவ்வாய்க்கிழமை ஒருத்தர் இருக்கிறதை எல்லாம் இல்லைங்கிறார். ரெண்டும் என் கையாலயே ஏறுது.

சூ. கிட்ட பேர் சொல்லாம புலம்பினேன். "ஒருத்தர் கூட்டிச் சொல்வார், ஒருத்தர் குறைச்சுச் சொல்வார். சராசரியில சரியாயிரும்மா." யாருக்கு சார் சரியாகும்? கேட்கலை. பயணப்படி அவர் கையில இருக்கு.

ஆகஸ்ட் 28, வியாழன்

மழை. துணி காயலை.

சூ. போன். ராசிங்காபுரம் மூணாம் வீடு, நான் எடுத்து அனுப்புன வாசல் போட்டோவுல டிராக்டர் தெரியுதாம், ஃபாரத்துல இல்லைன்னு இருக்காம். திரும்பப் போய்க் கேக்கணுமாம். "எப்பம்மா போற?"
"ஞாயித்துக்கிழமை சார்."
"லீவு நாள்லயா? பரவாயில்லையே."
ஆமா, பரவாயில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

போனேன். பயமாத்தான் இருந்துச்சு.

பேச்சியக்கா வீட்டுச் சனம் பூரா பாய்ல உக்காந்திருக்கு. கவிதா வரலை, பொண்ணு வரக் கூடாது. காப்பி ஓடுது. என்னைப் பார்த்ததும் சின்னச்சாமி முகம் சுருங்கிப் போச்சு. "இன்னைக்கு விசேஷம் தாயி, நாளைக்கு வா."
"இன்னைக்கே ஏத்தணும்ங்கய்யா. ரெண்டே நிமிஷம்." போன வாரம் அவர் எனக்குச் சொன்ன அதே வார்த்தை, "கவர்மெண்ட் சோலி, நிக்கக் கூடாது"ன்னேன். செவ்வாய்க்கிழமை அவர் சொன்ன பதிலை நான் வாய் விட்டுப் படிக்கலை, அது கூடாது. கேள்வியை மட்டும் புதுசா, சத்தமா.

"வாசல்ல நிக்கிற டிராக்டர் உங்களுதா?"

பொண்ணு வீட்டார் எல்லாரும் திரும்பி அவரைப் பார்க்கிறாங்க. அவர் டிராக்டரைப் பார்க்கிறார். வாயைத் திறந்தார், அதுக்குள்ள அடுப்படி நிலையிலிருந்து அவர் சம்சாரம், "அது எங்க தம்பி வண்டி"ன்னாங்க. உதவித்தொகை பயம். அதுக்கப்புறம் அவரால மாத்திப் பேச முடியலை. நிலம்? அண்ணன் பேர்ல. மோட்டார்? கூட்டு. கடன்? "கழுத்து வரைக்கும்." மாப்பிள்ளைப் பையன் போனைத் தடவிக்கிட்டே தலை குனிஞ்சுக்கிட்டான்.

பேச்சியக்கா டம்ளரைக் கீழே வச்சுது. குரலே உசத்தலை.
"அப்ப உங்களுக்கும் கஷ்டந்தான்ணே. இவ்வளவு கடனை வச்சுக்கிட்டு எங்களுக்காக ஆடம்பரம் பண்ண வேணாம். முன்ன பேசுன நகையையே பேசிக்கிருவோம். சரியாண்ணே?"

என்ன சொல்வார். "சரித்தா"ன்னார்.

எனக்கும் ஒரு காப்பி குடுத்தாங்க. குடிச்சேன். சர்க்கரை தூக்கல்.

செப்டம்பர் 1, திங்கள்

எல்லாம் ஏத்தியாச்சு. சூ. போன்: "உன் ஏரியால ஒரு பிழை இல்லம்மா. போட்டோவுக்கும் விளக்கம் வந்துருச்சு. லஞ்சம் பூஜ்யம். சூப்பர்." டேப்லெட்டை வெள்ளிக்குள்ள ஒப்படைக்கணும்.

தைலம் வாங்கிட்டு வரும்போது மலையிலிருந்து ஜீப்பு இறங்குது. பேச்சியக்கா குதிச்சு வந்து கையைப் பிடிச்சுக்கிச்சு. தை மாசம் கல்யாணமாம். பேசுன நகைக்கே இன்னொரு வாரக் கடன் எடுக்கணுமாம்.

"இப்பயாச்சும் உங்க வீட்டுக் கணக்கை மாத்திருவோம்க்கா. வெள்ளி வரைக்கும் டைம் இருக்கு. தோட்டம் இருக்கு, கடன் இல்லைன்னு கிடக்கே."

அது ஜீப்புல இருக்கிறவங்களைத் திரும்பிப் பார்த்துட்டு, என் காதுக்கிட்ட வந்து சொல்லுது:
"கல்யாணம் முடியட்டும் ஆத்தா. அப்புறமா ஒரு நாள் வா. ஏழைன்னு எழுதிக்க."

சரிக்கான்னு சொல்லிட்டு வந்துட்டேன்.