இடதுகாலுக்கு வேலையில்லை

பிலோமினா,

நீ கோயிலிலிருந்து வருமுன் கிளம்புகிறேன். கலேவெலவுக்கு மரக்கறி லோட் ஏற்றப் போகவேண்டும். பாண் மேசையில் மூடியிருக்கிறது. பருப்பைச் சூடாக்கிக்கொள்.

உன்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக உன் தம்பி மகன் றொபின்சன் வருவான். கார்ச் சாவி மேசை லாச்சியில் இருக்கிறது. அவன் கிளச் இல்லாத ஓட்டோ கியர் கார் ஓட்டியதில்லை. நம்ம வாசல் சரிவில் முதலில் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுத்தான் கியரைப் பார்க்கிங்கில் போடவேண்டும் என்று சொல். மாற்றிச் செய்தால் காரின் பாரம் முழுக்கக் கியர்பெட்டியில் விழும். டயருக்குக் கல்லும் வைக்கட்டும்.

இடதுகாலை மடக்கியே வைத்திருக்கச் சொல். இல்லாவிட்டால் கிளச் என்று நினைத்து பிரேக்கை மிதித்துவிடுவான், பல்லேபொல வளைவில் நான் மிதித்த மாதிரி. பகலெல்லாம் லொறியில் கிளச் மிதிக்கிற கால், என்ன செய்ய? அன்று முன்னால் போய் இடித்த உன் நெற்றி வீக்கம் வற்றிவிட்டது. "இனிமே ஒங்க பக்கத்துல ஒக்காரவே மாட்டேன்"னு சொன்னதுதான் வற்றவில்லை. அன்றிலிருந்து பின்சீட்டில் ஏறுகிறாய். கண்ணாடியில்தான் உன் முகத்தைப் பார்க்கிறேன். யாரோ ஒருத்தியைக் கூலிக்கு ஏற்றிப் போவது போல இருக்கிறது.

சாப்பிட்டுவிட்டு மருந்தைக் குடி.

ஜெரோம்

இன்னொன்று. இப்போதெல்லாம் இடதுகால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கார் ஓட்டுகிறேன். வெறுங்காலில் பிரேக் பட்டதுமே நினைவு வந்துவிடுகிறது. பின்னால் இருக்கிற உனக்கு அது தெரிந்திருக்காது.

றொபின்சனுக்குப் பக்கத்தில் முன்சீட்டில் ஏறிவிடாதே. அவன் இன்னும் பழகவில்லை.

நான் பழகிவிட்டேன்.