அந்த வெளிச்சத்தை ஆர் வைச்சது?

கொப்பியைத் திறந்தேன். ஒரு கச்சான் கடலைத் தோல் விழுந்தது. சிவப்பு, மெல்லியது, மூச்சு விட்டால் பறந்துவிடும். கையால் பொத்திக்கொண்டேன்.

எங்கள் திரைப்பட வட்டத்தின் பழைய கொப்பி இது. வருகிற சனிக்கிழமை அந்தப் படத்தை மறுபடியும் போடுகிறார்கள். புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் பார்க்க வேண்டுமாம். அறிமுக உரை என்னுடையது. போன தடவை யார் என்ன சொன்னார்கள் என்று பார்த்துக்கொள்ளும்படி கொப்பியைத் தந்தார்கள். பக்கத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. கச்சான் தோல் கிடந்த பக்கம்தான் அது. பதினான்கு பெயர்கள், பதினான்கு வரிகள். பதின்மூன்றாவது உன் பெயர். அதற்கு எதிரே என் கையெழுத்து.

"போர்க்கால அனுபவங்கள் காரணமாக முழுமையாகப் பார்க்க இயலவில்லை."

நீ இல்லாமல் போய் எட்டு மாதம். வரி அப்படியே இருக்கிறது.

ஏ.எல். பரீட்சை வரை நாங்கள் ஒரே வகுப்பு. பிறகு நான் கம்பசுக்குப் போனேன். நீ சுன்னாகத்தில் ஒரு ஸ்ரூடியோவுக்குப் போனாய், வீடியோ வெட்டித் தொகுக்கிற வேலைக்கு. சனிக்கிழமைப் பின்னேரங்களில் அளவெட்டியிலிருந்து ஸ்கூட்டியில் வருவாய், ஒரு கடதாசிச் சரை கச்சானோடு. வட்டத்தில் கம்பசுக்கு வெளியேயிருந்து வந்த ஒரே ஆள் நீ. "இவ்வளவு பேர் ஒரு அறைக்குள்ளை வாய் திறக்காமல் இருக்கிறியள். செத்தவீட்டிலைகூட ஆரும் உப்பிடி இருக்கிறேல்லை" என்று முதல் நாளே சொன்னாய். நான் சிரித்தேன். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

அந்தப் படம் போட்ட நாளில் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. "இளகிய மனம் கொண்டவர்கள் தவிர்க்கவும்." நீ நின்று அதை இரண்டு தரம் வாசித்தாய்.

"அப்ப உள்ளுக்கை போறவைக்கு என்ன மனமடி?"

"வந்து இரு. கனக்கப் பரிசு எடுத்த படம்."

"பரிசு குடுத்தவைக்கு?"

உன்னைத் தள்ளிக்கொண்டு போய் இருத்தினேன்.

ஒரு போர். ஒரு தூர நாட்டு ஊர். ஒரு தகரக் கொட்டில். அதற்குள் ஒரு பெண்ணை மூன்று ஆண்கள் அடித்து வதைக்கிறார்கள். ஒன்பது நிமிடம். கமரா அசையாது. கூரைத் தகரத்தில் ஒரு ஓட்டை. அதன் வழியே ஒரு வெளிச்சம் அவள் கன்னத்தில் விழும். பிறகு கழுத்தில். மெல்ல மெல்ல நகரும். உலகமெல்லாம் அந்த ஒன்பது நிமிடத்தைப் பற்றித்தான் எழுதியிருந்தார்கள்.

ஐந்தாவது நிமிடமளவில் உன் பிளாஸ்ரிக் கதிரை தரையில் கிரீச்சிட்டது. எல்லோரும் திரும்பினார்கள். நான் திரும்பவில்லை. உன்னைக் கூட்டிவந்தவள் நான்.

படம் முடிந்து வந்தபோது வேப்பமரத்தடியில் ஸ்கூட்டியில் இருந்து கச்சான் உடைத்துக்கொண்டிருந்தாய்.

"என்னடி, ஏலாமப் போச்சோ?"

"ஏலுமாய் இருந்தது. அதுதான் எழும்பினனான்."

"விளங்கேல்லை."

"வடிவாய் இருந்ததடி. அந்தப் பிள்ளையை அடிக்கிறாங்கள், நான் வெளிச்சத்தைப் பாத்துக்கொண்டிருக்கிறன். அந்த வெளிச்சத்தை ஆர் வைச்சது?"

"ஓட்டைக்குள்ளாலை வெயில் வருது."

"ஓட்டையை ஆர் போட்டது?"

எனக்குப் பதில் இருந்தது. கலை, சட்டகம், முரண். எல்லாம் அந்த வருடம் படித்தவை. உள்ளே தேநீர் ஆறுகிறது என்று கூப்பிட்டார்கள். நான் போனேன். நீ வரவில்லை.

உள்ளே வட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் கேட்டார். எங்களுக்கு மூன்று வருடம் மூத்தவர், எல்லோருக்கும் அண்ணை.

"அந்தப் பிள்ளைக்கு என்ன?"

நீ சொன்னதை நான் சொல்லவில்லை. "அவளுக்கு, பழைய ஞாபகங்கள்..." என்று இழுத்தேன். எல்லோரும் மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். படம் பார்த்த எல்லோரும் கொப்பியில் ஒரு வரி எழுத வேண்டும் என்பது எங்கள் வழக்கம். இடையில் போனவர்களுக்கு கொப்பி வைத்திருப்பவர் எழுதலாம். வைத்திருந்தது நான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இந்த எட்டு மாதமாக என்னை நானே கிளறிப் பார்க்கிறேன். உனக்காகப் பரிந்து என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது வேறொன்று தெரிகிறது. உனக்குப் படம் பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் அவர்கள் உன்னோடு வாதாட வேண்டியிருக்கும். உனக்கு நொந்தது என்று சொன்னால் யாரும் வாதாடத் தேவையில்லை. படத்துக்கும் ஒன்றும் ஆகாது.

இரண்டு கிழமை கழித்து நீ கொப்பியைப் புரட்டினாய். கச்சான் சரை மடியில்.

"எடியே, உது என்ன அனுபவம்?"

வரியின்மேல் விரலை வைத்துக் கேட்டாய்.

"நானும் நீயும் ஒரே ஊரடங்குக்கைதான் இருந்தனாங்கள். பேக்கரி வாசலிலை ஒரே பாண் வரிசையிலை நிண்டனாங்கள். உனக்கு வராத அனுபவம் எனக்கு எங்காலை வந்தது?"

பகிடியாகத்தான் தொடங்கினாய். பிறகு சரையின் வாயை மடித்தாய்.

"நான் பயந்து எழும்பேல்லை. பிழை எண்டு எழும்பினனான். நீ என்னை வருத்தக்காரி ஆக்கிப்போட்டாய். கீறிவிடு உதை."

"கொப்பியிலை எழுதினதைக் கீறுறேல்லை. எல்லாருக்கும் ஒரே விதிதானே."

"நல்ல விதி" என்றாய். கொப்பியை மூடினாய். தோல் அப்போதுதான் உள்ளே விழுந்திருக்க வேண்டும்.

அதன் பிறகு நீ வட்டத்துக்கு வரவில்லை. என்னோடு கோபமுமில்லை. "ஒரு நாளைக்கு ஸ்ரூடியோவுக்கு வா, படம் காட்டுறன்" என்று மட்டும் சொன்னாய்.

போனேன். ஒரு பகல் வேளை. இரண்டு திரை, குளிர் காற்று, வெளியே கல்யாண அல்பங்கள். உன் திரையில் காங்கேசன்துறைப் பக்கத்து முதியவர் ஒருவரின் செத்தவீடு ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் நான்கு பேரும் வெளிநாட்டில். கிரியை, சுண்ணம் இடிப்பது, பெட்டி எழும்புவது, எல்லாம் வாசல் படலை வரை. அங்கே பெண்கள் நின்றுவிடுகிறார்கள். கமரா ஆண்களோடு சுடலைக்குப் போகிறது.

"வலிகாமத்திலை இருக்கிற சுடலை எல்லாம் எனக்குத் தெரியும்" என்றாய். "கால் வைச்சது ஒண்டிலுமில்லை."

திரையில் கொள்ளி வைத்தவர் திரும்பி நடந்தார். வழக்கப்படி, பின்னால் பார்க்காமல். அவர் சட்டகத்தை விட்டுப் போன கணத்தில் நீ வெட்டினாய். அதற்கப்பால் இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. கமரா அங்கேயே நின்றிருந்தது.

"ஏன் வெட்டினனீ?"

"கொள்ளி வைச்ச மகனே திரும்பிப் பாக்கிறேல்லை. கமராக்காரன் மட்டும் ஏன் நிண்டு பாக்கிறான்?"

நான் விடவில்லை. இது செத்தவீட்டு வீடியோ, அது சினிமா என்றேன். பார்க்காமல் விட்டால் நடந்ததே தெரியாமல் போய்விடும் என்றேன். "கமரா சாட்சியடி."

நீ திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சாட்சி நிக்கிற ஆள் லைற் பிடிக்கிறேல்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது. பிறகு கேட்டேன், வெளிநாட்டிலிருக்கிற பிள்ளைகள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று கேட்டால்?

"கேக்கிறவை. ஏசுறவையும் இருக்கினம். அவைக்கு வெட்டாததை அனுப்புவன்."

"அப்ப உன்ரை நியாயம் எங்கை போச்சு?"

"அது அவையின்ரை அப்பா. அவை பாக்கலாம். உந்தப் படத்திலை இருக்கிற பிள்ளை உனக்கு ஆர்?"

அந்த மாதம்தான் அந்த ஒன்பது நிமிடத்தைப் பற்றிக் கம்பஸ் பாடத்துக்காக ஒரு கட்டுரை எழுதினேன். நகரும் வெளிச்சத்தைப் பற்றி மட்டும் நான்கு பக்கம். எழுதுவதற்காக அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஏழாவது தரமோ எட்டாவது தரமோ, பாண் கடித்துக்கொண்டு பார்த்தேன். நல்ல புள்ளி கிடைத்தது. உனக்குச் சொல்லவில்லை.

போன மாரி மழைக்குள் உனக்கு டெங்கு. ஐந்து நாள்.

நான் உன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது முற்றத்தில் தறப்பாள் பந்தல் கட்டி முடிந்திருந்தது. அப்பா இல்லாத வீடு. உன் அண்ணை கனடாவில், வர முடியவில்லை. சித்தப்பா கிரியை செய்தார். கமரா பிடித்தது உன் ஸ்ரூடியோ முதலாளியேதான். பெண்கள் நாங்கள் படலையோடு நின்றோம். உன் அம்மா படலைக் கட்டையைப் பிடித்திருந்தார். அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது.

போன மாதம் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, நான் எடுத்தனான், இன்னும் திறக்கேல்லை. தமையன் கிழமைக்கு ஒருக்கா போன் எடுத்துக் கேக்கிறார். இதுகளை வெட்டுறது அந்தப் பிள்ளைதானே. எங்கை வெட்டுறதெண்டு எனக்குத் தெரியாது. நீங்கள் அவளோடை இருந்து பாத்தனீங்கள். பக்கத்திலை இருந்து சொன்னால் காணும்."

உன் கதிரையில் அவர் இருந்தார். நான் பக்கத்தில், அன்று இருந்த அதே இடத்தில்.

திரையில் உங்கள் படலை வந்தது. நானும் வந்தேன், அழுதுகொண்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு. கமரா என்னைத் தாண்டிப் போனது. நான் போகாத இடத்துக்கு நானும் போனேன். சித்தப்பா கொள்ளி வைத்தார். திரும்பினார். பின்னால் பார்க்காமல் நடந்தார்.

"இதிலையோ?" என்றார் முதலாளி.

நான் திரைக்குக் கிட்டக் குனிந்தேன். அவர் ஓடவிட்டார்.

மழை விட்ட பின்னேரம். பனைகளுக்கிடையால் வெயில் சரிந்து விழுந்தது. புகை அதற்குள் எழும்பி, மஞ்சளாகி, மெல்ல மெல்ல நகர்ந்தது. வடிவாக இருந்தது. அந்த வெளிச்சத்தை ஒருவரும் வைக்கவில்லை. அப்படியும் நான் உன்னை விட்டுவிட்டு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதலாளி தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. எங்கே வெட்டுவது என்று அறிய, வெட்டுகிறவள் முழுவதையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு செத்தவீட்டிலும் அந்த ஆறு நிமிடத்தை, எட்டு நிமிடத்தை, நீ பார்த்திருக்கிறாய். மற்றவர்கள் பார்க்காமலிருக்க. எங்கள் பதினான்கு பேரில் முழுமையாகப் பார்க்கத் தெரிந்தவள் நீதான். உன் பெயருக்கு எதிரேதான் நான் இயலவில்லை என்று எழுதினேன்.

"பின்னுக்கு விடுங்கோ" என்றேன். சித்தப்பா மறுபடி திரும்பினார், நடந்தார், சட்டகத்தை விட்டுப் போனார். "இதிலை."

"தமையன் முழுக்கக் கேட்டவர்."

"அவருக்கு வெட்டாததையும் அனுப்புங்கோ. அவர் பாக்கலாம்."

"உங்களுக்கு?"

"வெட்டினது காணும்."

இப்போது கொப்பி என் மடியில். படம் கெட்ட படமா? இன்னும் எனக்குத் தெரியாது. எனக்குப் பிடிக்கவில்லையா, உனக்குப் பிடிக்காதது இப்போது எனக்குப் பிடிக்காமல் போகிறதா, அதுவும் தெரியாது. நேற்று வட்டத்து அண்ணையிடம் தொலைபேசியில் கதைத்தேன். கதவில் அந்தத் தாளை ஒட்ட வேண்டாம் என்றேன்.

"ஆரும் இடையிலை எழும்பினால்?"

"எழும்பட்டும் அண்ணை. ஏன் எண்டு கேப்பம். கேட்டதை எழுதுவம்."

"ஓம்" என்றார்.

உன் வரியை நான் கீறவில்லை. விதிக்காக அல்ல. நான் செய்த பிழை அங்கே கிடக்கட்டும். உன் பெயரில் புதிதாக ஒன்றும் எழுதவுமில்லை. அது அதே பிழையை இரண்டாம் தரம் செய்வது. பக்கத்தின் அடியில் இடமிருந்தது. என் பெயரைப் போட்டு எழுதினேன்.

"பதின்மூன்றாவது வரி நான் எழுதியது, அவள் சொன்னதல்ல. அவள் ஒரு கேள்விதான் கேட்டாள்: அந்த வெளிச்சத்தை ஆர் வைச்சது?"

உன் பேச்சை உன் பேச்சாகவே எழுதினேன். சனிக்கிழமை உரையும் அவ்வளவுதான். எதைப் பார்த்தாலும் அந்தக் கேள்வி எனக்கு முந்திப் போய் இருந்துகொள்கிறது. செய்தியில், தொலைபேசியில், நினைவு நாள் பதாகைகளில். இந்த மடலிலும். பனைகளுக்கிடையால் வெயில் சரிந்தது என்று எழுதியபோது, அதை இங்கே வைத்தது ஆர் என்று கேட்டது. நான்தான். அழிக்கப் பார்த்தேன். விட்டுவிட்டேன்.

அன்று கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பேன். ஐந்தாவது நிமிடத்தில் எழும்புவேனா, முழுவதும் இருப்பேனா, தெரியாது. கச்சான் ஒரு சரை வாங்கி வைத்திருக்கிறேன்.