வேறு பெயர் உண்டா

ராயபுரம், மதராஸ்
9-1-1957

ஜெயக்கொடியின் நைனாவுக்கு மங்கம்மா எழுதிக்கொண்டது.

நானும் கொடியும் உங்க அக்கா அங்கம்மா அண்ணியும் சொகமா கீறோம். நீங்க கப்பல்ல வேளைக்குச் சாப்பிட்டு, தலைக்கு எண்ணெய் வச்சிக்கினு நல்லா இருக்கணும்னு தினம் கடலைப் பார்த்துக் கும்பிட்டுக்கறேன்.

கலெக்டர் ஆபீசுலேர்ந்து காயிதம் வந்துச்சு. பிப்ரவரி பதினாலாந்தேதி, வியாழக்கிழமை விசாரணை. இந்த ஊர்க்காரனைக் கட்டிக்கினவன்னு என்னையும் இந்தியாக்காரியா எழுதிக்கலாமா வேணாமான்னு நேர்ல பார்த்துத்தான் முடிவு பண்ணுவாங்களாம். புருசனும் கூட வரணும்னு போட்டிருக்கு. போன தபா போலீஸ் ஆபீசுல என் வெளிநாட்டுக்காரி சீட்டுக்கு மார்ச் மாசம் வரைக்கும்தான் முத்திரை குத்தினாங்க. அதுக்கு மேல கேட்டா ரங்கூனுக்கு டிக்கெட் எடுத்துக்கோம்மான்னு அந்த ரைட்டர் சிரிச்சிக்கினே சொல்றான். அவனுக்குச் சிரிப்பா கீது. கொடி இங்கே பொறந்தவ, அவளுக்குக் கவலை இல்ல. நான் மட்டும் எந்த ஊரு?

தீபாவளிக்கு வரேன்னீங்க, வரல. அதை விட்டுட்டேன். இதுக்கு வராம இருந்துடாதீங்க.

போன வாரம் ஙப்பி போட்டேன். சட்டியைத் தொறந்ததும் அண்ணி மூக்கைப் பொத்திக்கினு தெருவுக்கே போயிட்டாங்க. காசிமேட்டுல நாள் பூரா கருவாடு விக்கிறவங்களுக்கு எங்க ஊரு மீன் ஊறல் நாறுதாம். கேட்டீங்களா இந்த நியாயத்தை.

இப்படிக்கு,
மங்கம்மா

*

கல்கத்தா
17-1-1957

அன்புள்ள மங்கம்மாவுக்கு ஆசீர்வாதம். கொடிக்கு முத்தம்.

உன் கடுதாசியைப் படிச்சா அக்கா எதிர்ல நின்னு பேசற மாதிரியே இருக்கு. ரங்கூன் தமிழ்ப் பள்ளிக்கூடத்துல படிச்சிட்டு, "தாங்கள் உணவு அருந்தினீர்களா" என்று என்னிடம் கேட்ட பெண் எங்கே போனாள்? முதல் நாள் அதைக் கேட்டு நான் நூடுல்ஸ் கிண்ணத்தைக் கீழே போட்டேன், ஞாபகம் இருக்கா?

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிடறேன். நீ கோவப்படுவே. உன் தம்பி கப்பல் ஆபீசு விலாசத்துக்கு எழுதியிருக்கான். உன் அம்மா படுத்த படுக்கையாம். தண்ணி மட்டும் இறங்குதாம். யாராவது வரணும்னு கேக்கறான். நீ போக முடியாது. விசாரணை நடக்கும்போது ஊரை விட்டுப் போனா உன்னைத் திரும்ப உள்ளே விட மாட்டாங்க. எங்க கப்பல் இப்போ அரிசி ஏத்த ரங்கூன் போகுது. சுக்கானி நான் இறங்கிட்டா வேற ஆளைப் போட்டுக்குவாங்க, எனக்கு ரங்கூன் கிடைக்காது. யோசிச்சுப் பார்த்தேன். ரெண்டு இடத்துலயும் ஆள் நிக்கணும். உன் அம்மாகிட்ட நான் நிக்கறேன். எங்க ஊரு ஆபீசுல நீ நில்லு.

நான் ஏன் வரலைன்னு கப்பல் கம்பெனிச் சீட்டு ஒண்ணு இதோட வச்சிருக்கேன். அதைக் காட்டு. பயப்படாதே.

இன்னொன்று. ஜெயக்கொடியின் நைனா, ஜெயக்கொடியின் நைனா என்று எத்தனை வருஷம் எழுதுவே? ரங்கூன்ல நீ என்னை எப்படிக் கூப்பிடுவே? அந்தப் படகுத்துறையில நாலு தெரு தாண்டிக் கேக்கும். எழுத்துலயாவது ஒரு தடவை எழுதேன்.

உன்,
பொன்னுரங்கம்

*

ராயபுரம்
22-1-1957

ஜெயக்கொடியின் நைனாவுக்கு,

கடுதாசியைப் படிச்சதும் அடுப்புல வைக்கத்தான் எடுத்தேன். கம்பெனிச் சீட்டு உள்ளே கீதேன்னு விட்டுட்டேன்.

கோவம் உங்க மேல இல்ல. யார் மேலன்னும் தெரியல. எங்க அம்மா எனக்காகக் கெடக்கறாங்க, நான் இங்கே புருசன் இல்லாம போய் நின்னுக்கினு, இது என் வூடு, என்னை அனுப்பாதீங்கன்னு கெஞ்சணும். நல்லா பங்கு பிரிச்சீங்க. ஆனா யோசிச்சா வேற வழி எனக்கும் தோணல. போய்ட்டு வாங்க.

எங்க அம்மா, மே மேக்கு வாய் கசக்கும். இஞ்சி தட்டிப் போட்ட கஞ்சி குடுங்க. கன்னத்துல தனக்காப் பட்டையைச் சந்தனம் மாதிரி அரைச்சுப் பூசிவிடச் சொல்லுங்க தம்பிகிட்ட. அது பூசாம யார் எதிர்லயும் படுக்க மாட்டாங்க. உங்களைப் பார்த்தா மூஞ்சைத் திருப்பிக்குவாங்க. "கலா வந்துட்டான்"னு சொல்லுவாங்க. இந்தியாக்காரங்களை எங்க ஊர்ல அப்படி மட்டமாத்தான் சொல்றது. இத்தனை வருசமா உங்க பேரை அவங்க வாயில வரவச்சதில்ல. பொறுத்துக்குங்க, எனக்காக.

நீங்க கேட்டதை என்னால எழுத முடியாது. நான் வந்து எறங்கின புதுசுல, கெணத்தடியில நின்னுக்கினு உங்களை அந்தப் பேரு சொல்லித்தான் சோப்பு கேட்டேன். அண்ணி ஓடியாந்தாங்க. அது இன்னாடி வார்த்தைன்னாங்க. எங்க பாஷையில பொன்னுன்னு அர்த்தம்னேன். எந்த பாஷையா இருந்தா இன்னா, பேரு பேருதான், கடலுக்குப் போறவன் பேரை வூட்டுப் பொம்பள சொன்னா கடலுக்குக் கேக்கும்னாங்க. நானும் சிரிச்சேன். அப்புறம்தான் சொன்னாங்க. அவங்க வூட்டுக்காரரை ஒரு நாள் கரையில நின்னுக்கினு கோவத்துல பேர் சொல்லி ஏசினாங்களாம். அன்னிக்குப் போன கட்டுமரம் திரும்பலையாம். அதுக்கு மேல நான் சிரிக்கல. உங்க பேரும் சொல்லல.

உறை மேல விலாசம் எழுதறேனே, அது போதும். எழுதினா தப்பில்லன்னு அண்ணி விட்டுட்டாங்க. அந்த இன்னொரு பேரை எழுதக்கூட எனக்குப் பயமா கீது.

மங்கம்மா

*

ரங்கூன்
4-2-1957

அன்புள்ள மங்கம்மாவுக்கு,

வந்து சேர்ந்தேன். கெமண்டைன் படகுத்துறை அப்படியே இருக்கு. உங்க அம்மா மொஹிங்கா நூடுல்ஸ் வித்த இடத்துல இப்போ யாரோ சைக்கிள் ரிப்பேர்க் கடை வச்சிருக்கான். அந்த வாதாமரத்துக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்னேன். நீ அங்கே உக்காந்து வாழைத்தண்டு நறுக்குவே. என் பேருக்கு அர்த்தம் கேட்டே. சொன்னேன். உன் பேருக்கு அர்த்தம் கேட்டேன். ங்வேன்னா வெள்ளின்னு சொன்னே. பொன்னும் இருக்கு வெள்ளியும் இருக்கு, வைக்கப் பெட்டிதான் இல்லைன்னு நான் சொன்னதுக்குக் கரண்டியால அடிச்சே. மா ங்வேயை எங்க அக்கா மங்கம்மா ஆக்கினதுல எனக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம்தான்.

அம்மா ரொம்ப இளைச்சுப் போயிட்டாங்க. முதல் நாள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. தம்பி வேலைக்குப் போயிடறான், பகல்ல நான்தான். தனக்கா நானே அரைச்சேன். பூசும்போது கண்ணைத் திறந்து பார்த்து, கெட்டியா இருக்குன்னு திட்டினாங்க. எனக்கு சந்தோஷமா இருந்தது. நேத்து கஞ்சி குடுத்தப்போ "மவுங் ஷ்வே, சூடு" என்றார்கள். நீ கூப்பிடற அந்தப் பேரேதான், சின்னவங்களுக்குச் சொல்ற மவுங் சேர்த்து. உனக்கு உடனே சொல்லணும்னு தோணிச்சு.

மக எப்படி இருக்கான்னு கேட்டாங்க. இந்தியாக்காரியா ஆகப்போறான்னு சொல்லலாமா வேணாமான்னு பார்த்தேன். கடைசியில சொல்லிட்டேன். அப்புறம், அந்த ஊர்ல அவளுக்குச் சோறு ஒழுங்கா போடறாங்களான்னு மட்டும் கேட்டாங்க.

உன்,
பொன்னுரங்கம்

*

ராயபுரம்
15-2-1957

ஜெயக்கொடியின் நைனாவுக்கு,

இந்தக் கடுதாசி கிடைச்சதும் நல்லா கீறேன்னு ஒரு வரி போடுங்க. மத்தது எல்லாம் அப்புறம். ஏன்னு சொல்றேன்.

நேத்து நானும் அண்ணியும் போனோம். அண்ணி அன்னிக்கு மார்க்கெட்டுக்கு லீவு விட்டு, வெள்ளைப் பொடவை கட்டிக்கினு வந்தாங்க. ஆபீசருக்குத் தமிழ் வராது, வடக்கத்தி ஆளு. பக்கத்துல ரகுபதின்னு ஒரு குமாஸ்தா கேட்டுக் கேட்டுச் சொன்னாரு. அண்ணியை வாசப்படியோட நிறுத்திட்டாங்க.

மொதல்ல நம்ம கல்யாணப் போட்டோவைக் காட்டினேன். கன்னத்துல தனக்காவோட கீறேன் இல்ல, இது நீதானான்னு ரொம்ப நேரம் என்னையும் அதையும் மாத்தி மாத்திப் பார்த்தாரு. புருசன் ஏன் வரலைன்னாரு. எங்க அம்மாவைப் பார்க்கப் போயிருக்காருன்னேன். பர்மாவுல உங்க ஆளுங்க யாருன்னாரு. அம்மா கீறாங்க, தம்பி கீறான்னேன். எழுதிக்கினாரு.

அப்புறம் புருசன் பேரு இன்னான்னாரு. காயிதத்துலதான் கீதேன்னேன். வாயால சொல்லணும், அதுதான் விசாரணைன்னாரு. அதை மட்டும் எப்படிச் சொல்றது? நீங்க கரையில இல்ல, ஆத்துல நிக்கிற கப்பல்ல கீறீங்க. ஸ்ரீரங்கத்துல படுத்துக்கினு கீற சாமி பேருங்க, முன்னாடி நகை செய்யற சாமான் பேருங்கன்னேன். ரகுபதி, "தங்கரங்கமா"ன்னாரு. இல்லீங்க, அதுக்கே இன்னொரு பேருன்னேன். "சொர்ணரங்கமா"ன்னாரு. அடுத்த மேசையில ஒருத்தரு சிரிச்சாரு. ஆபீசர் சிரிக்கல. இந்தப் பொம்பளைக்குப் புருசன் பேரே தெரியல, யாரோ செஞ்சு அனுப்பின கேஸுன்னு இங்கிலீசுல சொல்லிட்டு பேனாவை மூடிட்டாரு. ரகுபதி பாவம், எங்க வூட்லயும் என் பேரைச் சொல்ல மாட்டாங்க சார்னு எடுத்துச் சொன்னாரு. இவங்க பர்மாவுல பொறந்தவங்க, அங்கே பொம்பளைங்க தாராளமா சொல்லுவாங்களே, இவங்களுக்கு ஏன் இந்த வழக்கம்னு ஆபீசர் திருப்பிக் கேட்டாரு. பாருங்க, உங்க ஊரு பொம்பளையா ஆனதாலேயே நான் வெளிநாட்டுக்காரியா ஆயிட்டேன். புருசன் வந்தப்புறம் பார்த்துக்கலாம், போங்கன்னுட்டாரு. மார்ச் மாசத்துக்கு இன்னும் எத்தினி நாளு கீது?

நான் எழுந்திரிக்கல. அப்பத்தான் வாசப்படியிலேர்ந்து அண்ணி கூப்பிட்டாங்க. "மங்கம்மா, சொல்லுடி. நா சொல்றேன், சொல்லு. கடலு கேட்டா என் பேர்ல எழுதிக்கட்டும்."

திரும்பிப் பார்த்தேன். அவங்க மொகம் எப்படி இருந்துச்சுன்னு எழுத எனக்குத் தெரியல.

பொன்னுரங்கம்னேன். கேக்கல, உரக்கன்னாரு. பொன்னுரங்கம்னேன். ரகுபதி எழுதறதுக்குள்ளே, என் புருசன் பேரு பொன்னுரங்கம், ராயபுரத்து பொன்னுரங்கம், கப்பல்ல சுக்கானி பொன்னுரங்கம்னு நான்பாட்டுக்கு சொல்லிக்கினே போனேன். கண்ணுல தண்ணி ஊத்துது. ஆபீசர் பேனாவைத் தொறந்தாரு. கொஞ்சம் மெதுவாவே பேசினாரு அதுக்கப்புறம். கடைசியா ஒண்ணு கேட்டாரு. புருசனுக்கு வேறு பெயர் உண்டா?

இல்லைன்னுட்டேன்.

சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டேன். சீட்டு தபால்ல வரும்னாங்க. வழியில அண்ணி ஒரு தேங்கா வாங்கி கடல்ல ஒடைச்சிட்டு வந்தாங்க. ராத்திரி சாப்பிடல. அவங்களும் பயந்துக்கினு கீறாங்க. ஒரு வரி போடுங்க.

மங்கம்மா

*

ரங்கூன்
14-2-1957

அன்புள்ள மங்கம்மாவுக்கு,

இன்னிக்கு வியாழன். இந்நேரம் நீ அந்த ஆபீசுல நிப்பே. அதனாலதான் தந்தி அடிக்கல.

உன் அம்மா செவ்வாய்க்கிழமை விடியக்காலம் போயிட்டாங்க. கஷ்டப்படல. தூங்கற மாதிரியே இருந்தாங்க. தனக்கா பூசித்தான் அனுப்பினோம். உனக்குப் பதிலா நான் எல்லாத்துலயும் நின்னேன், ஒண்ணும் குறை வைக்கல.

மடத்துல புண்ணியம் சேர்க்கிறதுக்குச் சாமியார் பேர் எழுதிக்கிட்டார். மகள் பேரு மா ங்வே என்று தம்பி சொன்னான். அப்புறம் என்னைப் பார்த்து, நீ யாருன்னார். மருமகன் என்றேன். பேரு என்னன்னார். பொன்னுரங்கம்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நீ கூப்பிடற மாதிரியே கோ ஷ்வேன்னு வந்தது. அங்கே அந்தப் பேருதான் எழுதியிருக்கு, உன் பேருக்குப் பக்கத்துல.

நாளன்னிக்குக் கப்பல் கொச்சிக்குப் போகுது. அங்கே கணக்குத் தீர்த்துக்கிட்டு ரயில்ல வந்துடறேன். விசாரணையில என்ன ஆகியிருந்தாலும் கவலைப்படாதே. அனுப்பினா நானும் உன்கூட ரங்கூன் வர்றேன். அழு. அடக்கிக்காதே.

உன்,
பொன்னுரங்கம்

*

ராயபுரம்
8-3-1957

கோ ஷ்வே,

உன் கடுதாசியும் சர்க்கார் சீட்டும் ஒரே நாள்ல வந்துச்சு. தபால்காரர் ரெண்டையும் ஒண்ணா நீட்டினாரு. எதை மொதல்ல பிரிக்கிறதுன்னு தெரியாம உன்னுதைப் பிரிச்சேன். சீட்டு மூணு நாளு அப்படியே மாடத்துல கெடந்துச்சு, அப்புறம் பிரிச்சா இந்தியாக்காரின்னு எழுதிட்டாங்க.

அழுதேன். இத்தினி வருசமா கனாகூட இந்த ஊர்ப் பாஷையிலதான் வருது. அழுகை மட்டும் எங்க பாஷையிலயே வந்துச்சு. அண்ணிக்கு ஒரு வார்த்தை புரியல. பக்கத்துல உக்காந்து முதுகைத் தடவிக்கினே இருந்தாங்க. மறுநாள் அவங்களே மீன் ஊறல் சட்டியை எறக்கி, மூக்கைப் பொத்தாம எனக்குச் சோறு பெசைஞ்சு குடுத்தாங்க. மே மே கேட்டாங்க இல்ல, சோறு ஒழுங்கா போடறாங்களான்னு. போடறாங்க.

இன்னொண்ணு எனக்கு மனசுல ஓடிக்கினே கீது. நான் ஆபீசுல நின்னு அம்மா கீறாங்கன்னு சொன்னப்போ அம்மா இல்ல. உனக்கு வேற பேரு கெடையாதுன்னேன், அது கீது. அந்தக் காயிதத்துல ரெண்டு தப்பு ஏறிப்போச்சு. ஒண்ணு தெரியாம சொன்னது, ஒண்ணு தெரிஞ்சே சொன்னது. ரகுபதிகிட்ட போய்த் திருத்தச் சொல்லலாமான்னு அண்ணி கேட்டாங்க. வேணாம்னுட்டேன். உன் ஊரு பேரை அவங்களுக்குக் குடுத்தாச்சு. எங்க அம்மா அந்தக் காயிதத்துல உயிரோடவே இருக்கட்டும். இந்தப் பேரு எங்கிட்டயே இருக்கட்டும்.

நல்லா கீறேன்னு கொச்சியிலேர்ந்து நீ போட்ட வரியும் வந்துச்சு. ரயில் எந்த நாளுன்னு எழுது. நானும் கொடியும் ஸ்டேஷனுக்கு வரோம். நீ பொட்டியிலேர்ந்து எறங்கினதும் உன்னைக் கூப்பிடுவேன், படகுத்துறையில கூப்பிட்ட மாதிரி. அங்கே கடல் இல்ல, பயமில்ல.

மா ங்வே