ஆறரை மணிக்கு வாங்கிய பாட்டில்

மார்ச் 4

தம்பிக்கு மறுபடியும் சிறுநீரில் ரத்தம். கால்வாய் மோட்டார்களைப் பழுது பார்க்கிறவன். பாதி நாள் இடுப்பளவு தண்ணீரில்தான் நிற்பான். "பீட்ரூட் சாப்பிட்டிருப்பேன்க்கா" என்று சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 9

ஸ்கேன் எடுத்தாயிற்று. சிறுநீர்ப்பையின் சுவர் தடித்துச் சுருங்கிவிட்டது. குழாய்கள் அடைத்து இரண்டு சிறுநீரகமும் வீங்கியிருக்கின்றன.

டாக்டர் நிதானமாகத்தான் சொன்னார். "தண்ணியிலேருந்து தோல் வழியா உள்ள போற புழும்மா. அது போடுற முட்டை பையோட சுவர்ல மாட்டிக்குது. உடம்போட எதிர்ப்பு சக்தி அதை வளைச்சுக்கிட்டு சண்டை போடுது. அந்தத் தழும்புதான் எல்லாத்தையும் அடைச்சிருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடியே மாத்திரை குடுத்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது."

இரண்டு வருடம் முன்பு அவன் சிறுநீரை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து 'முட்டை இல்லை' என்று எழுதியது நான்.

மார்ச் 10

அந்த முட்டைகள் அதிகம் வெளியேறுவது நண்பகலை ஒட்டித்தான். பத்து மணிக்கு மேல், கொஞ்சம் நடந்துவிட்டு வந்து சிறுநீரைப் பிடிக்க வேண்டும். வருகிறவர்களையெல்லாம் லேப் வாசலில் நடக்கவிட்டு, "என்னம்மா, டிரில் மாஸ்டரா நீங்க?" என்று பேச்சு வாங்குகிறவள் நான். சொந்தத் தம்பிக்கு மட்டும் — "எதுக்குடா அலையுற, நான் வேலைக்குக் கிளம்பறப்பவே குடுத்துடு" — காலை ஆறரைக்கு வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். பாசமாம். தெரியாதவளாக இருந்திருந்தாலாவது பரவாயில்லையே.

மார்ச் 21

சிறுநீர்ப்பையிலிருந்து எடுத்தனுப்பிய சதைத் துண்டின் முடிவு வந்துவிட்டது. புற்றுநோய். அந்த முட்டைகள் வருடக்கணக்கில் புண்ணாக்கிய இடத்தில்தான்.

ஏப்ரல் 16

இன்று அவனிடம் சொல்லிவிடத்தான் போனேன். "டேய், அந்த டெஸ்ட்..." என்று ஆரம்பித்தேன். "காலு கடுக்குதுக்கா, கொஞ்சம் பிடிச்சு விடேன்" என்றான். பிடித்துவிட்டேன். எலும்புதான் கையில் பட்டது. சொல்லவில்லை.

ஜூலை 2

தம்பி போய்விட்டான்.

ஜூலை 19

தம்பி மனைவி சட்டைகளை மடித்துக்கொண்டே சொன்னாள். "டெஸ்ட்டுக்கு மத்தியானம்தான் கொண்டு வரணும்னு நீங்க படிச்சுப் படிச்சுச் சொன்னீங்களாமே அண்ணி. இவர்தான் சோம்பல்பட்டு காலையிலேயே உங்க கையில திணிச்சாராம். தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டாரு மனுஷன்."

அப்படியானால் நான் நேரம் தப்பி வாங்கியது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்காகப் பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். நானும் வாயைத் திறக்கவில்லை. தப்பித்தோம் என்று ஒரு நொடி மனம் நினைத்ததே — சே.

ஆகஸ்ட் 3

முடியவில்லை. இன்று தம்பி மனைவியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. எழுந்து போய் அவன் படத்துக்கு முன்னால் நின்று, "தெரியாம உங்களைத் திட்டிக்கிட்டே இருந்துட்டேனே" என்று அழுதாள். என் பக்கம் திரும்பவே இல்லை. கதவை நானே சாத்திவிட்டு வந்தேன்.