பட்டியலில் முதலில் நம் மின்நிலையம்

அன்புள்ள வாண்டுவுக்கு,

அம்மா எழுதுவது. வீட்டில் நான்கு பேரும் உயிரோடும் உடம்போடும் இருக்கிறோம், அதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் நீ மீதியைப் படிக்காமல் போனை எடுத்துவிடுவாய். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, கொஞ்சமாவது தூங்கி, நல்லபடியாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ அழுதால் நான் பாதியில் நிறுத்திவிடுவேன், நான் அழுதால் நீ அவசரப்பட்டு ஏதாவது முடிவெடுத்துவிடுவாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை, உட்கார்ந்து முழுசாகப் படி.

உங்கள் அலுவலகத்துத் திட்டம் பத்திரிகையில் வந்த அன்று காலை நான் ஆஸ்பத்திரி டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். நிலக்கரியில் ஓடும் மின்நிலையங்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, வெயிலிலும் காற்றிலும் மின்சாரம் எடுத்து, உலகத்துக்குக் கொடுத்த வாக்கை நாடு காப்பாற்றப் போகிறது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நிறுத்தப்போகும் வரிசையில் முதலாவது நம்முடையது. கொதிகலன்கள் பழசு, ஒரு நாள் இது வரும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் டீக்கடை வாசலில் ஒருவர் அதைச் சத்தமாகப் படிக்க நானும் கூட்டத்தோடு நின்று கடைசி வரி வரைக்கும் கேட்டேன். திட்டம் தயாரித்த குழுவில் உன் பெயரையும் போட்டிருந்தார்களே. இந்த நிலையத்துச் சம்பளத்தில் வளர்ந்த பெண் என்று ஊருக்கே தெரியும். சாயங்காலம் நான் திரும்பி வருவதற்குள் நம் வீட்டுச் சுவரில் 'ஊரை மூடியவள் வீடு' என்று எழுதிவிட்டார்கள், அதுவும் கரியால். நான் வாளியும் துணியுமாகப் போனேன். அப்பா, "விடு, எழுதினவன் கையும் நம்ம கரி பெல்ட்டுல கறுத்த கைதானே" என்றார். நான் விடவில்லை, தேய்த்தேன். கரி லேசில் போகுமா, இன்னும் கலங்கலாகத் தெரிகிறது.

அப்பாவின் நிலைமையை நினைத்துப் பார். கட்டுப்பாட்டு அறையில் ஷிப்ட் பொறுப்பும் அவர், தொழிற்சங்கச் செயலாளரும் அவர், உன்னைப் பெற்றவரும் அவர். சங்கக் கூட்டத்தில் எழுந்து, "மூடறத நம்மால நிறுத்த முடியாது, மூடறதுக்கு முன்னால நமக்கு என்ன வழின்னு எழுதி வாங்குவோம்" என்று பேசியிருக்கிறார். சைரன் என்று ஊரே கூப்பிடுகிறவர் விடுவாரா? கரி இறக்குமிடத்து மேஸ்திரி, அவர் தொண்டைக்குப் பயந்து நீ சின்ன வயதில் கதவுக்குப் பின்னால் ஒளிவாயே, அவர்தான். "மக எழுதி அனுப்பறா, அப்பன் படிச்சுக் காட்டறாரு" என்று ஒரே போடாகப் போட்டாராம். கூடம் முழுக்கச் சிரிப்பு. சிரித்தவர்களில் உன் அண்ணனும் இருந்தான். அன்று அப்பா சாப்பிடவில்லை.

அதற்காக அண்ணன்மேல் கோபப்படாதே. அவன் இத்தனை வருடமாக அந்த பெல்ட்டில் ஒப்பந்தக் கூலிதான். உங்கள் திட்டத்தில் நிரந்தரத் தொழிலாளிக்கு வேறு பயிற்சி, வேறு இடத்தில் வேலை என்று ஒரு அத்தியாயமே இருக்கிறது. ஒப்பந்தக் கூலிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவன் அதை முழுக்கப் படித்தான், உன் எழுத்தாயிற்றே என்று. படித்து முடித்துவிட்டு, "அவ கணக்குல மெகாவாட் எல்லாம் இருக்கும்மா, நான்தான் இல்ல" என்றான். அண்ணி அடுப்பைப் பார்த்தபடியே நின்றாள்.

போன வாரத்து வெயிலைப் பற்றி உனக்குச் செய்தியில் தெரிந்திருக்கும். வீட்டுக்கு வீடு ஏசியும் மின்விசிறியும் ஓட, நாடு முழுக்க மின்சாரம் இழுத்துப் பிடித்துத்தான் போய்க்கொண்டிருந்தது. சைரன் அப்படியொரு நாளுக்காகத்தான் காத்திருந்தார். "நாம இல்லாம ஒரு நாள் ஓட்டிப் பாக்கட்டும்" என்று காலையிலேயே கரி போகும் பெல்ட்டை நிறுத்திவிட்டார்கள். கொதிகலனுக்கு மேலே தொட்டிகளில் இருக்கிற கரி சில மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான். மதியத்தில் ஒன்றாம் யூனிட்டின் தொட்டி காலியாகி அது படுத்துவிட்டது. அந்தப் பற்றாக்குறையில் நம் ஊருக்கே மின்சாரம் போய்விட்டது.

நான் அப்போது டயாலிசிஸ் வார்டில். எல்லா மெஷினிலும் ஆள். பக்கத்து வார்டில் வெயிலில் சுருண்டு விழுந்தவர்கள், கட்டில் போதாமல் தரையிலும் படுக்கை விரித்திருந்தோம். ஜெனரேட்டர் ஒரு உறுமு உறுமி நின்றது, திரும்ப உறுமியது, திரும்ப நின்றது. மெஷினுக்குள் இருக்கும் பாட்டரி கொஞ்ச நேரம்தான் வரும். அதுவும் அடங்கிவிட்டால் குழாயில் நிற்கிற ரத்தம் உறைந்துபோகும், அதற்கு முன்னால் பம்பைக் கையால் சுற்றி அதை உடம்புக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். நர்ஸ்களோடு நோயாளிகளின் சொந்தக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு, ஆளுக்கொரு மெஷினாக நின்று சுற்றினோம். என் மெஷினில் இருந்தவர் ரிட்டயரான கிரேன் ஓட்டுநர், அப்பாவின் பழைய சிநேகிதர். "சிஸ்டர், மெதுவா சுத்துங்க, எனக்குத் தலையும் சேந்து சுத்துது" என்று அந்த நேரத்திலும் நக்கல். கடைசிச் சொட்டு உள்ளே போகிற வரைக்கும் நான் அவர் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கை என்னுடையதாகவே இல்லை. யார் இந்த வேலை செய்தது என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். என் மகனும் அதில் ஒருவன் என்பதும் தெரியும்.

அதே நேரத்தில் மின்நிலையத்தில் என்ன நடந்தது என்பதை அப்பா நாலு வார்த்தையில் முடித்துவிட்டார், மீதியை அண்ணன்தான் சொன்னான். ஒன்று படுத்தது போதாது, இரண்டாவதும் போனால்தான் தலைநகரம் வரைக்கும் உறைக்கும் என்று சைரன் கூட்டத்தோடு கட்டுப்பாட்டு அறைக்குப் போயிருக்கிறார். ஒரே அழுத்தில் யூனிட்டை நிறுத்துகிற பொத்தான் அங்கேதான் இருக்கிறது. அப்பா காவலாளிகளைக் கூப்பிடவில்லை. தானே வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு நின்றாராம். கூட்டத்துக்கு முன்னால் அண்ணன். "அப்பா, நகருங்க" என்றிருக்கிறான். அவர், "ஒன்னு போனதுக்கே ஆஸ்பத்திரியில கரண்ட் இல்லடா, உங்கம்மா இப்ப அங்க என்ன பண்ணிட்டிருப்பான்னு யோசி. உன் தங்கச்சியத் திட்டணும்னா அவ வரும்போது மூஞ்சிக்கு நேரா திட்டு, நான் தடுக்க மாட்டேன். இந்த அடி அவ மேல விழாது, ஆஸ்பத்திரியில கெடக்கறவங்க மேலதான் விழும்" என்றாராம். சைரன் பின்னாலிருந்து வந்து அப்பாவைத் தள்ளியதில் கதவுப் பிடியில் மோதிப் புருவம் கிழிந்துவிட்டது. (தையல் நான்தான் பிரித்தேன், நன்றாக ஆறிவிட்டது, பயப்படாதே.) ரத்தத்தைப் பார்த்ததும் அண்ணன் சைரனின் சட்டையைப் பிடித்துவிட்டான். அடித்திருப்பான். ஆனால் அடிக்கவில்லை, விட்டுவிட்டு, "நான் போய் பெல்ட்ட ஓட்டறேன், வர்றவன் வா" என்று சொல்லிப் படியிறங்கிப் போனானாம். அப்புறம் ஒருவர் பின் ஒருவராகப் போயிருக்கிறார்கள். இரண்டாம் யூனிட் நிற்கவில்லை. சாயங்காலத்துக்குள் ஒன்றாவதையும் எழுப்பிவிட்டார்கள்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். சைரன்மேல் விசாரணை, அவர் ஆட்கள் நம் வாசலைக் கடக்கும்போது காறித் துப்பிவிட்டுப் போகிறார்கள். அப்பா செயலாளர் பதவியை விட்டுவிட்டார், விட வைத்தார்கள் என்பதுதான் உண்மை. பெல்ட்டை நிறுத்தியதும் ஓட்டியதும் அண்ணன்தான், ஒப்பந்தக்காரருக்கு முதல் பாதி மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நீங்கள் மூடுவதற்கு முன்பே அவனுக்கு மூடிவிட்டது. முந்தாநாள் முன் ஜன்னலில் கல் விழுந்தது. அட்டை வைத்து அடைத்திருக்கிறோம்.

இப்போது இந்தக் கடிதத்தை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். நேற்று நீ அப்பாவிடம், மேலதிகாரியிடம் பேசி நம் நிலையத்தை வரிசையில் பின்னால் தள்ளப் பார்க்கிறேன் என்றாயாமே. அவர் பதில் பேசாமல் போனை வைத்துவிட்டார் என்று நீ நொந்துகொண்டிருப்பாய். அவர் கோபத்தில் வைக்கவில்லை, சரி என்று வாய் தவறிச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில் வைத்தார். தள்ளாதே, கண்ணு. நம்முடையது பின்னால் போனால் இன்னொரு ஊர் முன்னால் வரும், அங்கேயும் யார் வீட்டிலாவது கல் விழும். அந்த வெயிலில் வந்தவர்களில் இரண்டு பேரை எங்களால் திருப்பி வீட்டுக்கு அனுப்ப முடியவில்லை. ஒருவர் கட்டட வேலை செய்கிறவர், உன் வயதுதான் இருக்கும், பாக்கெட்டில் பாதி பிஸ்கட் பாக்கெட் இருந்தது. ஒவ்வொரு கோடையும் போன கோடையைவிட மோசமாக வருகிறது, வார்டில் நிற்கிறவளுக்கு அதை யாரும் படம் போட்டு விளக்க வேண்டாம். உன் வேலை எதற்கென்று எனக்குத் தெரியும். உன் பக்கம்தான் நிற்கிறேன். ஆனால் ஒப்பந்தக் கூலிகளை நீங்கள் விட்டது தப்புதான், அதை மட்டும் நான் பூசி மெழுகிப் பேச மாட்டேன். உன் அண்ணனுக்காகச் செய்யாதே, அந்த பெல்ட்டில் நிற்கிற அத்தனை பேருக்காகவும், அடுத்தடுத்து மூடப்போகிற ஊர்களில் நிற்கிறவர்களுக்காகவும் சண்டை போட்டாவது அதைச் சேர்க்க வை.

இன்னொன்று. அடுத்த மாதம் இங்கே நடக்கப்போகிற கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு, பாதுகாப்பு என்று சொல்லி உனக்குப் பதில் வேறு ஒருவரை அனுப்பப்போகிறார்களாமே. நீ வா. பெற்றவள் இப்படி எழுதலாமா என்று எனக்கே தெரியவில்லை, ஜன்னலில் அட்டையைப் பார்த்துக்கொண்டேதான் எழுதுகிறேன். ஆனால் ஒரு ஊரை மூடுகிற விஷயத்தை அந்த ஊருக்கு வராமல் சொல்லக் கூடாது. இதைப் பற்றி வீட்டில் நானாகப் பேச்சே எடுக்கவில்லை. இன்று காலையில் அண்ணன் அவனாகவே கேட்டான், அவள் வருகிறாளா என்று. தெரியவில்லை என்றேன். ஷூவைத் துடைத்துக்கொண்டே, "வந்தா மொத கேள்வி நான்தான் கேப்பேன், பதில் சொல்லாம விட மாட்டேன்" என்றான். கேளு என்றேன். அடுத்த ஷூவை எடுத்துக்கொண்டு, தலை நிமிராமலே, "பஸ் ஸ்டாண்டுலேந்து தனியா வர வேணாம்னு சொல்லு, நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்" என்றான்.

நீண்ட ஆயுளோடும் கலங்காத மனசோடும் இரு. அந்தக் கடைவாய்ப் பல்லை டாக்டரிடம் காட்டு, வலி மாத்திரையே சாப்பாடு என்று இருக்காதே. எந்த பஸ் என்று அண்ணனுக்கே நேராகச் சொல், எனக்குச் சொல்லாதே.

ஆசிகளோடு,
உன் அம்மா