கரடியை முதலில் கண்டவன்

மருத்துவமனை, கிழக்குக் கிரீன்லாந்து
3 மார்ச் 1961

அன்புள்ள எனோக்,

பையன் பிறந்துவிட்டான். இருவரும் நலம். கடல்பனி உடைந்து கப்பல் ஓடி நாங்கள் ஊர் வர ஜூலை ஆகும்; அதுவரை நாய்வண்டித் தபால்தான். அதற்குள் உன் கோபம் ஆறிவிடும் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

உன் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், வீறிட்டான். என் அண்ணன் பெயருக்குப் பாலைக் கக்கினான். பக்கத்துக் கட்டில்காரி, "உங்க ஊர்ல கடைசியா செத்தது யாரு? அவங்க பேரச் சொல்லிப் பாரேன்" என்றாள். "தோபியாஸ்" என்றேன். அழுகை நின்றுவிட்டது. பெயரோடு ஆளும் திரும்பி வருவார் என்று உனக்குத் தெரியாதா? அதையே வைத்துவிட்டேன்.

உன் பௌலினே

*

20 மார்ச்

பௌலினே,

வேறு பெயரே கிடைக்கவில்லையா? ஆறு வருடம் அவன் முகத்தில் விழிக்காமல் இருந்தவன் நான். கரடியை முதலில் கண்டவனுக்குத்தான் தோல். கண்டது நான், தோலும் எனக்கு வந்தது. அதற்காக என்னைப் பொய்யன் என்று ஊரெல்லாம் சொன்னான், செத்தும் போனான். இப்போது என் வீட்டிலேயே வந்து பிறப்பானா? பெயரை மாற்று. இல்லையென்றால் உன்னை அழைக்கக் கரைக்கு வர மாட்டேன்.

அவன் பெண்டாட்டி ரெபெக்கா உயிரை வாங்குகிறாள். அவள் புருஷன் என் மகனாகிவிட்டதால் நான் மாமனாராம். என்னைவிடப் பத்து வயது மூத்தவள், கடல்நாய் ஈரலோடு வாசலில் நின்று, "மாமா, சாப்டீங்களா? எம் புருஷன் நல்லா தூங்குறாரா?" என்கிறாள். ஊரே சிரிக்கிறது.

எனோக்

*

அக்கா வீடு
11 ஏப்ரல்

அன்புள்ள எனோக்,

மாற்ற மாட்டேன். நீ வராவிட்டால் நேராக ரெபெக்கா வீட்டுக்குப் போய்விடுவோம். அவளாவது புருஷனை ஆசையாகத் தூக்கிக்கொள்வாள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பதினைந்து வருடம் ஒரே நாய்வண்டியில் வேட்டைக்குப் போனவர்கள் நீயும் தோபியாஸும். அவர் அடக்கத்துக்கு நீ போகவில்லை. அன்று முழுக்க வலையில் ஒரே முடிச்சைப் போட்டுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பௌலினே

*

24 மே

அன்புள்ள தோபியாஸ்,

இதை உன் அம்மா படித்துக் காட்டுவாள். நடுவில் அவள் சிரித்தால் மடியை நனைத்துவிடு.

கரடியை முதலில் கண்டது நீதான். நீ "டேய், பின்னால பாருடா!" என்று கத்தியபோது நான் பனிமேட்டுக்குப் பின்னால் கால்சட்டையை இறக்கிவிட்டுக் குந்தியிருந்தேன். ஊரில் இதை எப்படிச் சொல்வது? மானம் போகுமே என்று, நான்தான் கண்டேன் என்று சாதித்தேன். ஆறு வருடம் என்னைப் பொய்யன் என்றாயே தவிர, நான் குந்தியிருந்ததை நீ ஒருவரிடமும் சொல்லவில்லை. அதை நினைத்துத்தான் அன்று வலையோடு உட்கார்ந்து அழுதேன்.

பெட்டியிலிருந்து தோலை எடுத்து உன் தொட்டிலில் விரித்துவிட்டேன். தாராளமாக நனை. அது உன்னுடையது.

கப்பல் வரும்போது கரையில் நிற்பேன். என் மருமகளும் வருகிறாள், புதுக் கவுன் தைத்துக்கொண்டிருக்கிறாள்.

உன் அப்பா,
எனோக்