இன்ஸ்பெக்டர் நம் வீட்டில் தண்ணீர் குடித்தார்

என் உயிரான மாராத்தா,

அன்றைக்குக் காந்திபுரத்தில் அந்தக் கூடத்துக்குள் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். நான் அங்கே இல்லை என்று பின்னால் யாரும் சொல்லிவிடக் கூடாது. வெளிநாட்டு மனித உரிமைக் குழுவிலிருந்து வந்த நரைத்த தலை வெள்ளைக்காரம்மா. அவர் பேச்சை நமக்கும் நம் பேச்சை அவருக்கும் சொல்ல மெட்ராஸிலிருந்து வந்த நிர்மலா. நம்மைக் கூட்டிப்போன சகாயம் வக்கீல். மகனைப் பறிகொடுத்த நீ. உன் அண்ணன். அவரைக் கட்டிக்கொண்ட நான்.

கிணற்று மோட்டார் ஒயரைத் திருடினான் என்று நம் கதிர்வேலை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்தது பாயில் சுற்றிய உடம்பு. தீராத வயிற்று வலியால் தூக்கு மாட்டிக்கொண்டானாம். காலையில் களியும் கீரையும் வயிறு நிறையத் தின்றுவிட்டுப் போனவனுக்கு என்ன வயிற்று வலி? நீதான் அவனைக் குளிப்பாட்டினாய். உள்ளங்கால் இரண்டும் ஊதிக் கறுத்துக் கிடந்ததை நீ பார்த்தாய், நான் பார்த்தேன், உன் அண்ணனும் பார்த்தார்.

இதையெல்லாம் வெள்ளைக்காரம்மாவிடம் நீ அழுது அழுது சொன்னாய். நிர்மலா அதை இங்கிலீஷில் சுருக்கமாக முடித்துவிட்டாள். உனக்கு வந்ததே கோபம். "ஏங்கண்ணு, நான் அத்தனை சொன்னேன். மிச்சத்தை நீயே வெச்சுக்கிட்டயா?" என்றாய். அந்தப் பெண் முகம் சிவந்துபோனாள். அழுதுகொண்டிருந்த எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

உங்களுக்கு என்ன வேண்டும் என்று வெள்ளைக்காரம்மா கேட்டார். உன் பதில் எனக்கு அப்படியே காதில் இருக்கிறது. "காசு பணம் வேண்டாமுங்க. எம் பையன் நாண்டுக்கிட்டுச் சாகலை, அடிச்சுக் கொன்னுபோட்டாங்கன்னு சர்க்கார் ஒரு காயிதத்துல எழுதி சீல் வெச்சுக் குடுக்கோணும். அவம் பேரு அதுல இருக்கோணும்."

அந்தம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் நேராக வந்து யாரையும் பிடிக்க முடியாது, உங்கள் அரசாங்கத்திடம் கேள்வி கேட்போம், அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும் என்றார். "கேக்கறதுக்கா இத்தனை தூரம் வந்தீங்க?" என்று நீ கேட்டாய். நிர்மலா அதை மொழிபெயர்க்கவே இல்லை.

கேள்வி போனது, மாராத்தா. கடல் தாண்டிப் போய், அங்கிருந்து டெல்லிக்கு வந்தது. டெல்லி மெட்ராஸைக் கேட்டது. மெட்ராஸ் கலெக்டரைக் கேட்டது. கலெக்டர் போலீஸ் அதிகாரியைக் கேட்டார். அவர் கீழே இருந்தவரைக் கேட்டார். கடைசியில் விசாரிக்க நம் தெருவுக்கு யார் வந்தது? கதிர்வேலைக் கொண்டுபோன அன்றைக்கு அதே ஸ்டேஷனில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அதே இன்ஸ்பெக்டர். உலகத்தைச் சுற்றி வந்த கேள்விக்குப் போய்ச்சேர வேறு இடமே கிடைக்கவில்லையா?

நீ அப்போது மகளின் பிரசவத்துக்கு உடுமலைப்பேட்டை போயிருந்தாய். உனக்குத் தெரியாததை இப்போது சொல்கிறேன், கேள்.

நாம் கூலிக்குப் போகும் தோட்டத்துக்காரர்கள் நம் தெருவுக்கு வந்தால், தீட்டு என்று வேலிக்கு அந்தப்புறம் நின்றுதான் கூப்பிடுவார்கள். இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றினார். நம் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். "ஏனுங்க, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுக்கறீங்களா?" என்று உன் அண்ணனைப் பார்த்துக் கேட்டார். எந்தத் தோட்டத்திலும் 'டேய்' என்றே கூப்பிடப்பட்ட மனுஷனுக்கு அந்த 'ஏனுங்க' போதாதா? உன் அண்ணன் உள்ளே ஓடிவந்து சொம்பைத் தானே விளக்கி எடுத்துக்கொண்டு போனார். எடுத்து அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை, வாய் வைத்துக் குடித்தார் அந்த ஆள். தெருவே பார்த்தது.

பிறகு சொன்னார்: "தாய்மாமன் நீங்க. பையனுக்கு மொட்டை போட்டது உங்க மடியில, காது குத்துனது உங்க மடியில. அவங்கம்மாவுக்கு மனசு சரியில்லைன்னு கேள்விப்பட்டேன். உங்க வார்த்தை போதுமுங்க."

நான் வாசற்படியிலிருந்து, "மாராத்தா வந்தரட்டுமுங்க, அவகிட்டக் கேட்டுக்குங்க" என்றேன். உன் அண்ணன் திரும்பி, "ஆம்பளைங்க பேசிட்டிருக்கறது தெரியலையா? உள்ள போ புள்ளே" என்று கத்தினார். இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே, "விடுங்க, விடுங்க, அம்மணிக்குப் பாசம்" என்றார். பையனுக்கு ரொம்ப நாளாக வயிற்று வலி, யார் மேலும் புகார் இல்லை என்று அவர் எழுதிக்கொண்டு வந்திருந்த காகிதத்தில் உன் அண்ணன் கையெழுத்துப் போட்டார். எந்த மிரட்டலும் இல்லை. ஒரு சொம்புத் தண்ணீர், அவ்வளவுதான்.

நீ திரும்பி வந்து சண்டை பிடித்தபோது அவர் உன்னிடம் சொன்னது இதுதானே? "நம்மூடு தேடி வந்து தண்ணி குடிச்ச மனுசங்கிட்ட நீ பொய்யன்னு எப்பிடிச் சொல்றது?" அதற்குப் பின் நீ எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? அந்தச் சொம்பை மேலே பரணில் வைத்துவிட்டார். எங்களைக் கூட அதில் குடிக்க விடுவதில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்.

பதில் வந்த வழியே மேலே ஏறிப் போனது. குடும்பத்தாருக்குப் புகார் எதுவும் இல்லை என்று நம் நாடு அவர்களுக்குச் சொன்னது. அவர்கள் அச்சடித்த புத்தகத்தை வக்கீல் கொண்டுவந்து உனக்குப் படித்துக் காட்டினார். தெற்கே ஒரு மாவட்டத்தில் ஓர் இளைஞர் காவலில் இறந்ததாகப் புகார், அரசு மறுத்தது. இவ்வளவுதான்.

"எம் பையம் பேரு எங்கீங்க?" என்றாய்.

"உங்க பாதுகாப்புக்காகத்தாம்மா பேர் போடலை."

"ஸ்டேசன்காரனுக்குத் தெரியும், எங்க தெருவுக்குத் தெரியும். இனி யாருக்குத் தெரியக் கூடாதுன்னு மறைக்கறீங்க?"

வக்கீல் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தார். நல்ல மனுஷன்தான், ஆனாலும் அவர் மேல் எனக்கு வருத்தம் உண்டு. அந்த வெள்ளைக்காரம்மா மேலும் எனக்கு ஆத்திரம் உண்டு. கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாரே, ஸ்டேஷனைப் பற்றிய கேள்வியை அந்த ஸ்டேஷனிடமே கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்திருந்தால் நம்மிடம் ஏன் சொல்லவில்லை? ஆனாலும் அவர்கள் எல்லாரும் அந்நியர்கள். என் கோபம் அவர்களிடம் கொஞ்ச தூரம் போய் நின்றுவிடுகிறது.

இப்போது ஒரு செய்தி. டெல்லியில் இதற்கென்றே கமிஷன் வைத்திருக்கிறார்களாம். வக்கீல் மறுபடி எழுதிப் போட்டிருக்கிறார். அந்தக் கையெழுத்து எப்படி வாங்கப்பட்டது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர் சொன்னால் வழக்கைத் திறக்க வழியுண்டு என்கிறார். நடந்ததை வந்து சொல்கிறீர்களா என்று உன் அண்ணனிடம் கேட்டேன். "செத்தவன் எந்திரிச்சா வரப்போறான்? போட்டது போட்டதுதான்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நீ கண்ணை மூடும்போது அவரை மன்னித்துவிட்டதாக உன் மகள் சொன்னாள். அது உன் மனசு. என்னுடையது வேறு.

சாட்சி சொல்ல நான் போகிறேன், மாராத்தா. மூன்றாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு இதை நானே எழுதி நம் கூலிக்காரர் சங்கத்துப் பத்திரிகைக்குக் கொடுப்பதுபோல, அங்கேயும் நானே சொல்வேன். பேரை மறைக்கவா என்று வக்கீல் கேட்டார். என் பேரையும் போடுங்கள், கதிர்வேல் பேரையும் போடுங்கள் என்றேன். நீ கேட்ட அந்தக் காகிதம் கிடைக்கும்வரை விடமாட்டேன்.

கையெழுத்துப் போட்டவர் பேரைச் சொல்லுங்கள் என்றும் கேட்டார். ரேஷன் அட்டையில் இருந்த பேரைத் தொட்டுக் காட்டினேன். தாலி ஏறிய நாளிலிருந்து புருஷன் பேரை நான் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில்கூடப் பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்வேன். அங்கே போய் நிற்கும்போது எனக்காகச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் இங்கேயே எழுதிப் பழகிக்கொள்கிறேன். அவருக்கு இன்றைக்கும் சோறு போட்டேன், நாளைக்கும் போடுவேன். ஆனால் மன்னிக்க மாட்டேன்.

ஆறுச்சாமி.

உன் அண்ணன் பெண்சாதி, உன் நங்கையா,
பழனாத்தாள்